கடைசிப் பதினாறு இலக்கங்கள்

ஏப்ரல் 3, வியாழன்

மகள் லோசனி கொடுத்துவிட்டுப் போன டைரி ஜனவரியிலிருந்து துணி மடிக்கிற மேஜையில் வெறுமனே கிடந்தது. இன்றுதான் எழுத ஒரு விஷயம் வாய்த்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்திருக்கிறார். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒப்பிப்பார்களே, அதே சாதிதான். ஆனால் இவருடையது அறுபது லட்சம் இலக்கம் நீளம். பக்கத்துக்கு மூவாயிரம் இலக்கம் என்று அச்சடித்தால் இரண்டாயிரம் பக்கம் வரும்.

பதினோரு வருடமாக மாடி அறையில் கணினியை வைத்துக்கொண்டு தேடினார். ஜனவரி 12-ஆம் தேதி ஆரம்பித்த ஓட்டம் மார்ச் 27-ஆம் தேதி முடிந்தது. திரையில் ‘பகா எண்’ என்று வந்ததும் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார். வருகிற மே 31-ஆம் தேதி பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெறப் போகிற மனிதருக்கு அது பெரிய சங்கதி. ஒரு வாரமாகத் தரையில் கால் பாவவில்லை. நேற்று மட்டும் கொஞ்சம் அடங்கிக் கிடந்தார். வெயில் காரணமாயிருக்கும்.

இன்று காலை தோசை சாப்பிடும்போது சொன்னார்.

"உலகு, நம்ம எண்ண நீதான் சரிபாக்கணும்."

"நானா?"

"வேற ஆளு, வேற கம்ப்யூட்டர், வேற ப்ரோகிராம். அதுதான வட்டத்து விதி. ஒனக்கு கம்ப்யூட்டர் தெரியும். நீ சும்மாத்தான இருக்க."

வட்டம் என்பது பெரிய எண்களைத் தேடும் பதினோரு பேர். ஆளுக்கொரு ஊர். தூத்துக்குடி கஸ்பார் சார்தான் பட்டியல் வைத்திருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் எதைக் கண்டுபிடித்தாலும் இன்னொருவர் தனியாகச் சரிபார்த்து, கடைசியில் வந்த மீதியை நேரே அவருக்கு அனுப்ப வேண்டும். அதுவரை பட்டியலில் ஏறாது.

சும்மா இருக்கிறேனாம். எம்.எஸ்சி. கணிதத்தில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம் வாங்கினவள் நான். எம்.ஃபில். சேர்ந்து, லோசனி வயிற்றில் வந்ததும் விட்டேன். பிறகு கணினி மையத்தில் பன்னிரண்டு வருடம் ‘சி’ மொழி சொல்லிக் கொடுத்தேன். இப்போது இட்லி மாவு அரைக்கிறேன். அதைத்தான் சும்மா என்கிறார்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

எண்ணை இங்கே எழுத மாட்டேன். டைரியில்கூட எழுதக் கூடாது என்று உத்தரவு.

ஏப்ரல் 6, ஞாயிறு

லோசனி புனேயிலிருந்து பேசினாள். "அம்மா, அறுபது லட்சம் இலக்க எண்ண எதால வகுத்துப் பாப்பிய? எல்லா எண்ணாலயுமா?" என்று கேட்டாள்.

யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை, பூமி உள்ளவரை உட்கார்ந்தாலும் முடியாது என்றேன். ஒரு தந்திரம் இருக்கிறது. 7-ஐ எடுத்துக்கொள். ஏழில் ஒன்று குறைத்தால் ஆறு. இரண்டை ஆறு தடவை பெருக்கினால் 64. அதை ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. பகா எண் என்றால் மீதி ஒன்றுதான் வந்தாக வேண்டும். இப்போது 15-ஐ எடு. இரண்டைப் பதினான்கு தடவை பெருக்கினால் 16384. பதினைந்தால் வகுத்தால் மீதி நான்கு. நான்கு என்று வந்த நிமிடமே 15 பகா எண் இல்லை என்று முடிவாகிவிடும். மூன்றால் வகுபடும், ஐந்தால் வகுபடும் என்று யாரும் காட்ட வேண்டியதில்லை.

"எதால உடையும்னு தெரியாமலே உடையும்னு தெரிஞ்சுருமா?"

"தெரிஞ்சுரும்."

"பயமா இருக்கும்மா" என்று சிரித்தாள்.

பெரிய எண்ணுக்கும் அதேதான். வட்டத்து வழக்கப்படி மூன்றில் தொடங்க வேண்டும். வர்க்கப்படுத்து, எண்ணால் வகு, மீதியை வைத்துக்கொள். மறுபடி வர்க்கப்படுத்து. இப்படி ஏறக்குறைய இரண்டு கோடித் தடவை. கடைசி மீதி ஒன்று என்றால் பகா எண் என்று வட்டம் ஏற்றுக்கொள்ளும். வேறு எது வந்தாலும் அந்த மீதியின் கடைசிப் பதினாறு இலக்கத்தைக் கஸ்பார் சாருக்கு அனுப்ப வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

ப்ரோகிராம் எழுத ஆரம்பித்து மூன்று நாள். முதல் நாள் கை வரவில்லை. இரண்டாம் நாள் இரண்டு அடைப்புக்குறி விட்டுப்போய் அரை நாள் வீண். இன்று நானூறு வரி. புளிக்குழம்பு அடிப்பிடித்து, பாத்திரத்தை ஊறப் போட்டிருக்கிறேன்.

இவருடைய ப்ரோகிராம் பெருக்குகிற முறை பழைய முறை. நான் வேறு முறை போட்டிருக்கிறேன். பாதி நேரத்தில் முடியும். அதை அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சும்மாதான்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். சாமி கும்பிட்டுவிட்டு ஓட்டத்தை ஆரம்பித்தேன்.

லோசனி படிக்கும்போது வாங்கின மேஜைக் கணினி, எங்கள் படுக்கையறையில் பீரோவுக்குப் பக்கத்தில். கணக்குப் போட்டுப் பார்த்தால் மே 19-ஆம் தேதி முடியும். அவரிடம் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பத்தொன்பதா? என்னோடது எழுபத்தஞ்சு நாள் ஓடிச்சே."

"எனக்கு முப்பத்தஞ்சு போதும்."

"ஜூலை ஆகும்னுல்லா நெனச்சேன்" என்றார்.

சந்தோஷம் தாங்காமல் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மே 31-ஆம் தேதி பணி நிறைவு விழாவுக்கு முன்னாலேயே சரிபார்ப்பு கையில் இருக்கும். வேறென்ன வேண்டும்?

ஞாயிறுதோறும் அவர் தன் ஓட்டத்தின் நடுமீதியைச் சேமித்து வைத்திருக்கிறார். நான் போகப் போக ஒத்துப் பார்க்கலாமே, தாருங்கள் என்று கேட்டேன். விதிக்கு விரோதம் என்றார். ஆமாம், விரோதம்தான். நான்தான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பதினேழு சதவீதம். வீடு முழுக்கக் கரப்பான் மருந்து அடித்தேன், படுக்கையறை தவிர.

ஏப்ரல் 27, ஞாயிறு

அவர் தினமும் கேட்கிறார். எத்தனை சதவீதம், எத்தனை சதவீதம் என்று. சொன்னால் "அப்படியா" என்று போய்விடுகிறார்.

இன்று கேட்டார்: "ஒருவேளை மே முடியுறதுக்குள்ள முடியலன்னா, ‘சரிபார்ப்பு நடந்துகொண்டிருக்கிறது’ன்னு போட்டுக்கிடலாம்லா?"

"முடிஞ்சிரும். கவலைப்படாதீங்க."

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பதினோரு வருட உழைப்பு. பதற்றம் இருக்கத்தானே செய்யும்.

எனக்கும் பதற்றம்தான். அந்த உழைப்பில் நான் கை வைத்திருக்கிறேன். இரண்டு கோடி வர்க்கத்தில் எங்கேயாவது ஓர் இலக்கம் தவறினாலும் அதற்குப் பிறகு வருவதெல்லாம் குப்பை. இட்லி வேகும்போதுகூடக் காது படுக்கையறையில் இருக்கிறது, கணினியின் விசிறிச் சத்தம் மாறுகிறதா என்று.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டது. பாளையங்கோட்டையில் காகம்கூடப் பறக்கவில்லை.

இருக்கிற ஒரே ஏ.சி. படுக்கையறையில். கணினி உள்ளே ஜம்மென்று குளிர்ச்சியில் இருக்கிறது. நாங்கள் ஹாலில் மின்விசிறிக்குக் கீழே வேர்க்கிறோம். பாத்திரம் கழுவ வருகிற செல்லக்கனி எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள யாரும்மா, மருமகப்பிள்ளையா?" என்று கேட்டாள். இரண்டு நாளுக்கு ஒரு தரம் மின்சாரம் போகிறது; இன்வெர்ட்டர் தாங்குகிறது.

மே 7, புதன்

கோவிலுக்குப் போய் வந்தேன். கணினி அணைந்து கிடந்தது.

மின்சாரம் போயிருக்கிறது. இன்வெர்ட்டரின் சுவிட்சும் அணைந்திருந்தது. வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார்.

"சத்தம் வந்துச்சு உலகு. பேட்டரி சூடாயிட்டோன்னு அணைச்சேன். கம்ப்யூட்டர் நெனப்பே இல்ல."

நெனப்பே இல்லை. தினமும் சதவீதம் கேட்கிறவர். சரி, மறந்திருப்பார். வயதாகிறதல்லவா. தெரியாமல்தான் செய்திருக்கிறார்.

நான் கடைசியாகச் சேமித்தது ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாள் ஓட்டம் போயிற்று. இனி 22-ஆம் தேதிதான் முடியும். இனிமேல் மணிக்கு ஒரு தரம் தானாகச் சேமிக்கும்படி மாற்றிவிட்டேன். இன்வெர்ட்டர் சுவிட்சின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து டேப் ஒட்டியிருக்கிறேன். டேப்பை ஏன் நாலு சுற்றுச் சுற்றினேன் என்று தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

அழைப்பிதழ் வந்துவிட்டது. இருநூறு பிரதி. அவர் கட்டைப் பிரிக்கும்போதே கையிலிருந்து வாங்கிப் படித்தேன்.

‘அறுபது லட்சம் இலக்கப் பகா எண்ணைக் கண்டறிந்த கணித ஆசிரியர் திரு. பூதலிங்கம் அவர்களின் பணி நிறைவுப் பாராட்டு விழா.’ அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: ‘எண் சரிபார்ப்பு: திருமதி உலகநாயகி பூதலிங்கம், எம்.எஸ்சி.’

கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தரம். கல்யாணப் பத்திரிகையில்கூட எம்.எஸ்சி. போடவில்லை, மாப்பிள்ளையைவிடப் பெண்ணுக்குப் படிப்பு கூடுதல் என்று தெரியக் கூடாதாம். ஐந்து தரம் வாசித்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

அப்புறம்தான் உறைத்தது.

"இன்னும் முப்பது சதவீதம் ஓடணும். அதுக்குள்ள சரிபாத்தாச்சுன்னு அச்சடிச்சிட்டியளே?"

"ஒண்ணுதான வரப்போவுது. வேற என்ன வரும்?"

"வேற வந்தா?"

அவர் கட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

மே 15, வியாழன்

எண்பது சதவீதம். வாயில் புண். ரசம் குடிக்க முடியவில்லை.

மே 22, வியாழன்

முற்பகல் பதினொன்று பத்துக்கு முடிந்தது.

ஒன்று வரவில்லை.

மே 23, வெள்ளி

வந்தது ஒரு நீளமான மீதி. தலையும் வாலும் இல்லாத இலக்கங்கள். கடைசிப் பதினாறு: 4083 7719 2650 9346.

என் மேல்தான் முதல் சந்தேகம். கடைசிச் சேமிப்பிலிருந்து மறுபடி ஓட்டினேன். அதே பதினாறு. அதற்கு முந்தின நாள் சேமிப்பிலிருந்து ஓட விட்டேன். அதுவும் அதே. ஆனால் தவறு ஏப்ரலிலேயே நடந்திருந்தால் இதெல்லாம் எதையும் காட்டாது. மூன்று நாளில் எழுதின நானூறு வரி. அடுப்படிக்கும் அறைக்கும் ஓடிக்கொண்டே எழுதினது. என்னை நானே எவ்வளவு தூரம் நம்புவது?

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒன்று எழுத வேண்டும். முடிகிற தேதி 22 என்று அவருக்குத் தெரியும். நேற்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. முப்பத்தெட்டு நாள் தினமும் கேட்டவர்.

மே 24, சனி

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் சொன்னேன். சாப்பிட்டபின் சொல்லியிருக்கலாம்.

"ஒண்ணு வரல."

உட்கார்ந்தபடியே இருந்தார். "என்ன வந்துச்சு?"

"மீதி. பெரிசா."

"அப்போ எதால வகுபடுதுன்னு காட்டு."

"நீங்க கணக்கு வாத்தியாரு. இந்தச் சோதனை காரணியக் காட்டாதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? பதினஞ்சுக்கு நாலு வந்தா..."

"எனக்குப் பதினஞ்சு வேண்டாம். என் எண்ண உடைக்குற காரணி எது? ஒண்ணே ஒண்ணு காட்டு. நான் ஒத்துக்கிடுதேன்."

காட்ட முடியாது. உலகத்தில் யாராலும் முடியாது. அது தெரிந்துதான் கேட்டார். முப்பத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்கு, ‘விடை மட்டும் போதாது, வழி காட்டு’ என்று சொல்லிப் பழகின வாய்.

"ஒன் மிஷினு வெயில்ல தப்புப் பண்ணிருக்கும். அன்னைக்கு நடுவுல நின்னுச்சுல்லா? அதுலதான் கெட்டுப் போயிருக்கும்" என்றார்.

அன்றைக்கு நின்றது. யார் அணைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். அவ்வளவு கோபம்.

மே 25, ஞாயிறு

அழைப்பிதழ் கொடுக்க அவர் தென்காசி போனார். நான் மாடி அறையைத் தூசி தட்டப் போனேன்.

தூசி தட்டப் போனேன் என்று எழுதிவிட்டேன். துடைப்பம் கீழேயே இருந்தது. அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சேமிப்புகளைப் பார்க்கத்தான் போனேன். விதியாவது ஒன்றாவது.

ஜனவரி 19 முதல் பிப்ரவரி 16 வரை ஐந்து கோப்பு. ஒவ்வொன்றிலும் நீளமான மீதி, இருக்க வேண்டிய மாதிரி. என் ப்ரோகிராம் படிக்குப் படி மீதியின் கடைசிப் பதினாறு இலக்கத்தைக் குறித்து வைக்கும்; அதே படிகளில் என்ன இருந்தது என்று கீழேயிருந்து எடுத்து வந்து ஒத்துப் பார்த்தேன். ஐந்தும் அச்சாக ஒன்று. அதாவது அதுவரை இருவரும் சரி.

பிப்ரவரி 23-ஆம் தேதிக் கோப்பில் இருந்தது: 1.

மார்ச் 2: 1. மார்ச் 9: 1. கடைசி வரைக்கும் 1.

ஒன்றை வர்க்கப்படுத்தினால் ஒன்று. இயந்திரம் எப்படியோ தடுமாறி நடுவிலேயே ஒன்றில் விழுந்தால், அப்புறம் ஆயுசுக்கும் ஒன்றுதான். ஒரு மாதம் ஒன்றையே வர்க்கப்படுத்திக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ‘மீதி ஒன்று, பகா எண்’ என்று அறிவித்திருக்கிறது. உண்மையான பகா எண்ணுக்கு இவ்வளவு முன்னால் ஒன்று வர வழியே இல்லை. இதற்குக் காரணி எதையும் காட்ட வேண்டாம். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் போதும். கணக்கு தெரிந்த யாருக்கும் ஒரு நிமிடத்தில் விளங்கும்.

அவர் திறந்து பார்த்திருக்கிறார்.

கோப்பைக் கடைசியாகத் திறந்த தேதியைக் கணினி குறித்து வைக்கிறது. நான் திறப்பதற்கு முன் எல்லாக் கோப்பிலும் இருந்தது ஏப்ரல் 2. அவர் அடங்கிக் கிடந்த நாள். மறுநாள்தான் தோசை சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் கொடுத்தார்.

வட்டத்தில் இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள். தெரிந்தே ஏன் என்னிடம் கொடுத்தார் என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். இரண்டு பதில்தான் உண்டு. ‘இவளால் முடிக்க முடியாது.’ அல்லது, ‘முடித்தாலும் நான் சொல்லச் சொன்னதைச் சொல்வாள்.’ இரண்டில் எது என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் வலிக்கிறது.

இன்று முதல் இந்த டைரி அரிசி டிரம்முக்குள். அந்தப் பக்கம் அவர் வந்ததே கிடையாது.

மே 26, திங்கள்

காலையில் கஸ்பார் சார் போன் பண்ணினார். "என்னம்மா, ஓட்டம் முடிஞ்சிருக்குமே? புதன்கிழமைக்குள்ள அனுப்பிருங்க. வாத்தியார் விழாவுக்கு முன்னால பட்டியல்ல ஏத்திருவோம்."

அனுப்புகிறேன் என்றேன்.

சாயங்காலம் அவர் அடுப்படிக்கே வந்தார். அடுப்படியில் அவரைப் பார்த்தாலே விஷயம் பெரிது என்று தெரியும்.

"உலகு, கஸ்பாருக்கு ஒண்ணுன்னு அனுப்பு."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஒத்த இலக்கம். அதுக்கப்புறம் எவன் பாக்கப் போறான்? யாருக்கு நட்டம்? அத வச்சு எவனும் பாலம் கட்டப் போறதில்ல."

"எம் பேரு போட்டிருக்கு அதுல."

"ஒம் பேரும் வரட்டும்னுதான போட்டேன். இருவத்தொம்பது வருசத்துல ஒங்கிட்ட ஏதாவது கேட்டிருக்கனா?"

சிரிப்பு வந்துவிட்டது. "கேக்காத நாளு எது?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

கோப்பைப் பார்த்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு ஒளிய ஓர் இடமும் இருக்காது. கோபத்திலும் அவ்வளவு தூரம் போக மனம் வரவில்லை.

மே 27, செவ்வாய்

ஒன்று என்று அனுப்பினால் என்ன ஆகும்? லோசனி டிக்கெட் போட்டுவிட்டாள். நாத்தனார் குடும்பம் வருகிறது. முப்பத்தைந்து வருடம் வாத்தியார் வேலை பார்த்தவர் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வருவார். நாலைந்து வருடம் கழித்து யாராவது மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்கு, ‘சரிபார்த்தது உலகநாயகி’ என்று இருக்கும். நான் கணக்கில் செய்தது என்று உலகத்தில் மிஞ்சப் போவது அது ஒன்றுதான். அது பொய்யாக இருக்கும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அவர் ஓட்டம் கெட்டது நிச்சயம். அதனால் எண் பகா எண் இல்லை என்று ஆகிவிடாது. அவருடைய பிப்ரவரிப் படிகளைத் தாண்டியபின் என் ஓட்டமும் எங்கேயாவது கெட்டிருந்தால்? அது உண்மையிலேயே பகா எண்ணாக இருந்து, என் பிழையால் அவர் கையைவிட்டுப் போனால்?

அதைவிட மோசமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒன்று வரவில்லை என்று திரையில் பார்த்த அந்த நிமிடம், எனக்கு வருத்தமாக மட்டும்தான் இருந்ததா?

இல்லை.

மே 28, புதன்

அனுப்பிவிட்டேன். 4083 7719 2650 9346. கீழே என் முழுப் பெயர்.

அவரிடம் சொன்னேன். "உள்ளத அனுப்பிட்டேன்." ஈசிசேரில் இருந்தவர் செய்தித்தாளைத் திருப்பினார். "விழா முடியட்டும். யாருகிட்டயும் இப்போ சொல்லாத" என்றார்.

கத்திரி இன்றோடு முடிகிறதாம். எனக்குத் தெரியவில்லை.

மே 30, வெள்ளி

காலை பத்து மணிக்குக் கஸ்பார் சாரின் மடல் வந்தது. இரண்டே வரி.

யார் அறிவித்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் தானும் ஒரு ஓட்டம் ஓட்டுவது அவர் வழக்கமாம். ஏப்ரல் முதல் வாரம் தொடங்கினது, இன்று விடிகாலை முடிந்ததாம். கடைசிப் பதினாறு இலக்கம்: 4083 7719 2650 9346.

ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தேன். பதினாறும் ஒத்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை. பெரிய பெருமையில் அழுதேன். யாருக்கும் வேண்டாத ஒரு மீதி. ஊரில் ஒருத்தர் பெயர் வைத்து அழைக்காத ஒரு குப்பை எண். அதற்குத் தூத்துக்குடியிலிருந்து ஒருவரும் பாளையங்கோட்டையிலிருந்து நானும் தனித்தனியாக, இரண்டு கோடிப் படி நடந்து, ஒரு படிகூடத் தவறாமல் வந்து சேர்ந்திருக்கிறோம். என் நானூறு வரியும் சரி.

வீட்டுக்காரரைப் பற்றி நினைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அதையும் எழுதிவிடுகிறேன்.

மடலை அவரிடம் காட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். லோசனியை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ரயில் வர இரண்டு மணி நேரம் இருக்கும்போதே கிளம்பிவிட்டார். மண்டப வாசலில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்களாம். செல்லக்கனி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். சார் படம் அவ்வளவு பெரிது, பின்னால் முழுக்க நம்பராம்.

மே 31, சனி

மண்டபத்தில் சின்ன ஹால். இருநூறு நாற்காலியும் நிறைந்துவிட்டது. பழைய மாணவர்கள் நரைத்த தலையோடு வந்து காலில் விழுந்தார்கள். லோசனி எனக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டு, "ஏம்மா கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்று கேட்டாள்.

மேடையில் அவருக்கு நடு நாற்காலி, எனக்குப் பக்கத்து நாற்காலி. இரண்டு பேருக்கும் மாலை. தலைமை ஆசிரியர் சேவியர் நல்ல குரல்வளம் உள்ளவர். கணிதக் கடல் என்றார், எண்களின் எழுஞாயிறு என்றார். அறுபது லட்சம் இலக்கம் என்று சொன்னபோது ஹால் முழுக்க "ஓ" என்றது. பிறகு, "அந்த மாபெரும் எண்ணைச் சரிபார்த்த அம்மையார் இரண்டு வார்த்தை பேசுவார்கள்" என்று மைக்கை என்னிடம் நீட்டிவிட்டார்.

நிகழ்ச்சி நிரலில் அது கிடையாது. நான் இவரைப் பார்த்தேன். இவர் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்தேன். பேசாமல் உட்கார்ந்துவிடலாம். நன்றி என்று மட்டும் சொல்லலாம். ‘சரிபார்த்த அம்மையார்’ என்று இருநூறு பேர் கேட்டாயிற்று. உட்கார்ந்தால் அது அப்படியே நிற்கும்.

"எல்லாருக்கும் வணக்கம். அழைப்பிதழ்ல சரிபாத்ததுன்னு எம் பேரு போட்டிருக்கு. சரிபாத்தது உண்மை. அந்த எண் பகா எண் இல்ல. ஒண்ணாலயும் தன்னாலயும் மட்டுமில்லாம, வேற எண்ணாலயும் அது வகுபடும். அவ்வளவுதான்."

பிறகு கைதட்டல். நல்ல பலமான கைதட்டல். நம் ஊரில் மேடையேறின பெண் இரண்டு வரியில் முடித்தாலே தட்டிவிடுவார்கள். யாருக்கும் விளங்கவில்லை. சேவியர் சார் மைக்கை வாங்கி, "அம்மா ரொம்பத் தன்னடக்கமாப் பேசிட்டாங்க. இப்போது பகா எண் தந்த நம் பூதலிங்கம் சாருக்குப் பொன்னாடை..." என்று ஆரம்பித்தார். லோசனி மட்டும் முன்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

எனக்கு மூச்சு வந்தது. சொல்லியாயிற்று. யாரும் கேட்கவில்லையென்றால் அது என் குற்றமில்லை. அவரும் தப்பித்தார், சால்வையை வாங்கிக்கொண்டு சாப்பிடப் போகலாம். அப்படித்தான் நினைத்தேன்.

அவர் சால்வையோடு வந்த கையைப் பிடித்து நிறுத்தினார். மைக்கை வாங்கினார்.

"சார், கொஞ்சம் பொறுங்க. அவ சொன்னத யாரும் கேக்கலையா? அது பகா எண் இல்ல. என் கம்ப்யூட்டரு பிப்ரவரியிலயே தப்பா ஓடிட்டு. அவ சரியா ஓட்டிருக்கா."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"இன்னொண்ணும் சொல்லுதேன். அது தப்புன்னு எனக்கு ஏப்ரல் ரெண்டாம் தேதியே தெரியும். மறுநாளுதான் இவகிட்டக் கொடுத்தேன். இவ எங்க கண்டுபிடிக்கப் போறான்னு நெனச்சுத்தான் கொடுத்தேன்."

மைக்கை மேஜையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்து கீச்சென்று கத்தியது. யாரும் தட்டவில்லை.

ஏப்ரல் இரண்டை நான் அவரிடம் சொல்லவே இல்லை. லோசனியிடமோ கஸ்பார் சாரிடமோகூட மூச்சு விடவில்லை. அது எனக்குத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

விழா எப்படியோ முடிந்தது. சேவியர் சார் சால்வையை நாற்காலிக் கையில் தொங்கவிட்டுவிட்டு இறங்கிப் போனார். பந்தியில் முதல் வரிசையில் இவரைத்தான் உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கத்து இலையும் காலியாகக் கிடந்தன. லோசனி என்னைப் பார்த்தாள்.

எனக்குக் கோபம் தீரவில்லை. ‘இவ எங்க கண்டுபிடிக்கப் போறா’ என்று இருநூறு பேர் முன்னால் காதால் கேட்டிருக்கிறேன்; அது லேசில் தீராது. ஆனால் காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. போய் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.

தேங்காய்ப்பால் சொதி ஊற்றிக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நேரம் இருவரும் சாப்பிட்டோம்.

"பாதி நேரத்துல எப்படி ஓட்டுன?" என்று கேட்டார், இலையைப் பார்த்துக்கொண்டே.

"பெருக்குற மொறைய மாத்துனேன்."

"எனக்குச் சொல்லித் தருவியா?"

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.